ஒற்றைக் கைச் சவரம்

ஒற்றைக் கைச் சவரம் என்பது ஒரு கை முழுமையாகவோ ஓரளவோ இயங்காத நிலையில் சவரக்கத்தியைக் கொண்டு மழிக்கும் முறையாகும். பக்கவாதம், இளம்பிள்ளை வாதம், தொழுநோயால் ஏற்படும் நரம்புச் சேதம், விபத்தில் விரலையோ கையையோ இழத்தல், முடக்குவாதம், நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் தோள்மூட்டு இறுக்கம் எனப் பல காரணங்களால் ஒருவருக்கு இந்நிலை வரலாம். தானே முகம் மழித்துக்கொள்பவருக்கு இது அன்றாடச் சிக்கல். சவரத்தைத் தொழிலாகக் கொண்டவருக்கோ வருமானமே இதில் அடங்கியிருக்கிறது.

சவரக்கத்தி மழிப்பு பார்வைக்கு ஒரு கை வேலையாகத் தோன்றினாலும் உண்மையில் இரு கை வேலை. ஒரு கை கத்தியை நகர்த்துகிறது. மற்றொரு கை தோலை இழுத்துப் பிடிக்கிறது. எந்தக் கை பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே, மழிப்பைத் தொடர முடியுமா, எந்த அளவுக்குத் தொடர முடியும் என்பது அமைகிறது. தோலை இழுக்கும் வேலையை வேறு வழிகளில் பெரும்பாலும் ஈடுசெய்யலாம். கத்தி பிடிக்கும் விரல்களின் நுணுக்கத்துக்கு அப்படி எளிய மாற்று இல்லை. இந்த வேலைப் பிரிவினையைத் தமிழ்நாட்டில் கண்கூடாகப் பார்க்கக்கூடிய இடங்களுள் ஒன்று, முடி காணிக்கை நாள்தோறும் நடைபெறும் திருத்தணி.

இரு கைகளின் வேலை

நாவிதர் சவரம் செய்வதைப் பார்ப்பவர்களின் கண் கத்தியின் மேலேயே இருக்கும். ஆனால் தொழில் பழகுபவருக்கு முதலில் கற்றுத்தரப்படுவது பெரும்பாலும் இடக்கையின் வேலைதான். தோல் மென்மையானது, அசையக்கூடியது. கத்தியின் வாய் அதன்மேல் நகரும்போது, இழுத்துப் பிடிக்காத தோல் கத்திக்கு முன்னால் சிறு மடிப்பாகத் திரளும். முடியை அறுக்க வேண்டிய கத்தி அந்த மடிப்பை அறுத்துவிடும். கத்தி செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் தோலை இழுத்துப் பிடித்தால் மடிப்பு உருவாகாது. அதோடு முடியும் தோலிலிருந்து சற்று நிமிர்ந்து நிற்கும்.

கத்தி பிடிக்கும் கைக்கு இரண்டு பொறுப்புகள் உண்டு. முதலாவது கோணம். கத்தியின் அலகு தோலுடன் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் இருக்க வேண்டும். கோணம் மிகக் குறைந்தால் கத்தி முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். மிகக் கூடினால் தோலில் இறங்கும். முகத்தின் வளைவுகள் விரலுக்கு விரல் மாறுவதால் இந்தக் கோணத்தை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது திசை. அலகு தன் வாய்க்குக் குறுக்காகவே நகர வேண்டும். காய் நறுக்குவதுபோல வாயின் நீளவாக்கில் சிறிது வழுக்கினாலும் நீளமான வெட்டு விழும். கத்தியால் ஏற்படும் மோசமான காயங்களில் பல இப்படி வருபவையே. அழுத்தம் ஏறக்குறையத் தேவையே இல்லை. நன்கு தீட்டிய கத்தியின் எடையே போதும்.

திருத்தணியில் முடி காணிக்கை

திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ள நகரம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், பட்டாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. முருகனின் ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகக் கருதப்படும் சுப்பிரமணிய சுவாமி கோயில் இங்குள்ள குன்றின் மேல் அமைந்துள்ளது. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள் வழியாக அடியவர்கள் மலையேறுகின்றனர். ஆடிக் கிருத்திகை இங்கு நடைபெறும் பெருவிழா. தமிழில் மொட்டை, முடி இறக்குதல் என்றும் தெலுங்கில் குண்டு, தலநீலாலு என்றும் வழங்கும் வேண்டுதலுடன் இரு மொழிக் குடும்பங்களும் வருகின்றன. திருப்பதிக்குச் செல்லும் வழியில் இருப்பதால் இரண்டு தலங்களையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு.

முடி காணிக்கை செலுத்துவதில் அளவு வேறுபாடுகள் உள்ளன. முழுத் தலையையும் மழிப்பது மொட்டை. சில கொத்து முடியை மட்டும் கத்தரித்துக் கொடுப்பது பூமுடி. பெண்களிடம் இது அதிகம். பூமுடிக்குக் கத்தரிக்கோல் போதும். மொட்டைக்குத் தலைமுடி முதலில் நீரால் நன்கு நனைக்கப்படுகிறது. நனைந்த முடி மென்மையடைந்து எளிதில் அறுபடும். பெரும்பாலும் நுரை பூசுவதில்லை. காணிக்கை தருபவர் தலையைக் குனிந்து அமர, நாவிதர் ஒரு கையால் தலையைப் பிடித்துத் திருப்பியபடி மறு கையால் கத்தியை இழுத்துவருவார். முடிந்ததும் குளித்துத் தலையில் சந்தனம் பூசிக்கொள்வது வழக்கம்.

கைக்குறைபாட்டின் நோக்கில் பார்த்தால் தலை மழிப்புக்கும் முக மழிப்புக்கும் இங்கே ஒரு முக்கிய வேறுபாடு உள்ளது. தலைத்தோல் மண்டையோட்டின் மேல் இயல்பாகவே இறுக்கமாகப் போர்த்தப்பட்டுள்ளது. கன்னத்தையும் கழுத்தையும்போல அது தொங்குவதில்லை. எனவே தலையின் பெரும்பகுதியில் தோலை இழுத்துப் பிடிக்கும் வேலை மிகக் குறைவு. இடக்கையின் முதன்மையான வேலை தலையை அசையாமல் நிறுத்துவதுதான். விதிவிலக்கான இடங்கள் காதின் பின்புறம், பிடரி மடிப்பு, உச்சிச் சுழி ஆகியவை. காதுமடலை முன்னால் மடித்துப் பிடிப்பதை அமர்ந்திருப்பவரே செய்துகொள்ளலாம். பிடரியில் தோல் மடிவதைத் தவிர்க்க, முகவாய் நெஞ்சில் படும்வரை குனிந்தால் போதும். முக மழிப்பைத் தொடர முடியாத அளவுக்கு இடக்கை பலவீனப்பட்டவராலும் தலை மழிக்க முடிவதற்கு இதுவே காரணம்.

குழந்தைகளின் முதல் மொட்டை வேறு வகை. அழுது திமிறும் குழந்தையின் தலையை ஒரு கையால் நிறுத்துவது இரு கையும் நன்றாக உள்ளவருக்கே கடினம். தமிழ்க் குடும்பங்களில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்தி முடி இறக்கும் வழக்கம் உள்ளது. உறவுமுறை உரிமையாகவும் பெருமையாகவும் கொண்டாடப்படும் இந்த வழக்கத்துக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு: மாமனின் கைகள் நாவிதருக்கு மூன்றாவது, நான்காவது கைகளாகின்றன. அவர் குழந்தையின் தோள்களை நெஞ்சோடு அணைத்து, தாடையை உள்ளங்கையில் தாங்கினால், நாவிதரின் மறு கை ஏறக்குறைய விடுபட்டுவிடும். குழந்தையின் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள்தான் மூடுகிறது. அதற்கு முன் மொட்டை அடிக்கும்போது அந்த இடத்தில் விரலாலும் கத்தியாலும் அழுத்தம் கொடுக்கக் கூடாது.

கத்தியும் அதன் மாற்றங்களும்

பழைய சவரக்கத்தி முழுவதும் எஃகாலான அலகையும், அது மடிந்து உள்ளே அடங்கும் பிடியையும் கொண்டது. அலகின் தடித்த மேற்புறம் முதுகு, கூரிய கீழ்ப்புறம் வாய், பிடியுடன் இணையும் குறுகிய பகுதி கழுத்து, அதற்குப் பின்னால் நீண்டிருக்கும் சிறு வளைவு வால். நாவிதர்கள் இக்கத்தியைக் கத்தரி, சாணைக்கல், தோல்வார், படிகாரக் கல், சிறு கண்ணாடி ஆகியவற்றுடன் அடைப்பம் எனப்படும் தோற்பையில் வைத்து வீடு வீடாகச் சென்றனர்.

இன்று சலூன்களிலும் முடிக்காணிக்கை மண்டபங்களிலும் காணப்படுவது பெரும்பாலும் இதன் வேறு வடிவம். வடிவமும் பிடிப்பும் பழைய கத்தியைப் போலவே இருக்கும். அலகின் இடத்தில் இருபுற பிளேடு ஒன்றின் பாதியைச் செருகிக்கொள்வார்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடை அடுத்தவருக்குப் பயன்படுத்தாமல் எறிந்துவிடலாம் என்பதே இதன் சிறப்பு. 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் கண்டறியப்பட்ட பின், அடுத்த ஆண்டுகளில் நடந்த விழிப்புணர்வுப் பணிகளில் சவரக்கடைகளும் இடம்பெற்றன. ஆளுக்கொரு புதிய பிளேடு என்பது அப்படித்தான் நடைமுறையானது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய நோய்களுக்கும் இதே முன்னெச்சரிக்கை பொருந்தும்.

ஒரு கை இயங்காதவருக்கு இந்த மாற்றம் நன்மையும் தீமையும் கலந்தது. தோல்வாரில் தீட்டும் வேலை இல்லாமற்போனது பெரிய நன்மை. ஆனால் பாதி பிளேடு பழைய கத்தியைவிட எடை குறைந்தது, மெல்லியது, சிறு தவறையும் பொறுக்காதது. பழைய கத்தியின் எடையும் அகலமும் கைக்கு ஒரு நிதானத்தைத் தருகின்றன. பிளேடை உறையோடு சேர்த்து இரண்டாக முறிப்பதற்கும், பிடியில் செருகுவதற்கும் இரண்டு கைகளும் தேவை. பாதியாகவே வெட்டி விற்கப்படும் பிளேடுகள் முதல் சிக்கலைத் தீர்க்கின்றன. செருகும் வேலையைப் பிடியை ஈரத்துணியின் மேல் கிடத்தி, பலவீனமான கையின் முன்கையால் அழுத்திப் பிடித்துச் செய்யலாம். இல்லையெனில் வீட்டில் வேறொருவர் முதல் நாளே செருகி வைப்பது நல்லது.

பிடியும் நரம்புகளும்

சவரக்கத்தியைப் பிடிக்கும் முறை பேனா பிடிப்பதைப் போன்றதும் அன்று, கத்தி பிடித்துக் காய் நறுக்குவதைப் போன்றதும் அன்று. கட்டைவிரல் கழுத்தைக் கீழிருந்து தாங்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மோதிர விரலும் மேலே படியும். சுண்டுவிரல் வாலின் மேல் அமர்ந்து மறுமுனையின் எடையைச் சமன்செய்யும். ஆக ஐந்து விரல்களுக்கும் வேலை உண்டு. எந்த நரம்பு பாதிக்கப்பட்டால் எந்த வேலை கெடும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

முழங்கையின் உட்புறமாக ஓடும் அல்நார் நரம்பு சேதமடைந்தால் மோதிர விரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் மடங்கும். வாலின் மேல் சுண்டுவிரலை வைக்க முடியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான இறுக்கமும் தளரும். மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு பாதிக்கப்பட்டால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவருவதே கடினமாகும், விரல்நுனி உணர்வும் குறையும். கத்தரிக்கோலும் கத்தியுமாக நாள் முழுவதும் மணிக்கட்டை மடக்கி வேலை செய்பவர்களுக்கு இந்த நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படும் ஆபத்து இருக்கிறது. இரவில் விரல்கள் மரத்துப்போவது இதன் தொடக்க அறிகுறிகளில் ஒன்று.

இந்த வகைக் கைகளுக்கான சிகிச்சையின் வரலாற்றில் முக்கியமான இடம் திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியாகச் செல்லக்கூடிய வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நன்கு இயங்கும் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்துவதன் மூலம் மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை சிகிச்சைகளை 1940-களின் இறுதியில் அங்கே தொடங்கினார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை, வலி உணர்வு இல்லாததால் நேரும் காயங்களாலேயே சிதைகின்றன என்பதை எடுத்துக்காட்டியவரும் அவரே. சீராக்கப்பட்ட கைகளைக் கொண்டு தச்சு முதலிய வேலைகளைப் பழகுவதற்காக நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பும் உருவானது. 1954-இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அக்கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தவர் அவர்.

பிராண்டின் கண்டறிதல் சவரக்கத்திக்கு நேரடியாகப் பொருந்தும். விரல்நுனியில் உணர்வு குறைந்தவர், பொருள் நழுவுகிறதா என்பது தெரியாததால், தேவையைவிடப் பலமடங்கு இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிய கையால் கோணத்தை நுணுக்கமாகத் திருத்த முடியாது. கத்தியின் கழுத்திலும் வாலிலும் மெல்லிய துணியையோ ரப்பரையோ சுற்றிப் பருமனாக்கினால் குறைந்த இறுக்கத்திலேயே பிடி நிற்கும். ஆனால் விரலின் உணர்வே இல்லாதவருக்குத் திறந்த கத்தி ஏற்றதன்று. இந்த ஒன்றில் சமரசத்துக்கு இடமில்லை.

தோலை இழுக்கும் கை இயங்காதபோது

கத்தி பிடிக்கும் கை நன்றாக இருந்து, மறு கை மட்டும் குறைபட்டிருந்தால் நிலைமை நம்பிக்கையானது. தோலை இழுக்கும் வேலையை மூன்று இடங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம்: கழுத்து, முகத்தசை, குறைபட்ட கையில் எஞ்சியுள்ள பகுதி.

கழுத்தே இவற்றுள் வலிமையானது. வலக்கன்னத்தை மழிக்கும்போது தலையை இடத்தோள் பக்கம் சாய்த்தால் வலப்புறத் தோல் காதுமுதல் தோள்வரை இழுபடும். கழுத்தின் முன்புறத்துக்குத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். ஆனால் முழுவதும் சாய்த்தால் குரல்வளை முனைப்பு மேலெழும்பி நிற்கும் என்பதால், முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி அந்த முனைப்பின் மேலுள்ள தோலை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு மழிப்பது பாதுகாப்பானது.

முகத்தசைகளின் வேலை கோமாளித்தனமாகத் தோன்றலாம், ஆனால் பயனுள்ளது. வாயைத் திறந்தால் குழிவிழுந்த கன்னம் தட்டையாகும். மேலுதட்டைப் பற்களின் மேல் கீழ்நோக்கி இழுத்தால் மீசைப் பகுதி இறுகும். கீழுதட்டை உள்ளே மடித்தால் முகவாய் இறுகும். வாயோரத்தை நாக்கால் உள்ளிருந்து உந்தலாம். கன்னத்தை ஊதுவது மட்டும் அவ்வளவு நல்லதன்று: காற்று நிறைந்த கன்னம் கத்திக்குக் கீழ் அசைந்துகொடுக்கும், காற்று திடீரென வெளியேறினால் தோல் சுருங்கும்.

குறைபட்ட கையை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. விரல்கள் இயங்காவிட்டாலும் மூடிய முட்டியின் புறப்பகுதி, உள்ளங்கையின் அடிப்பகுதி, முன்கை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கன்னத்தின் மேல்பகுதியில் வைத்து அழுத்தி மேல்நோக்கி நகர்த்தினால் தோல் இழுபடும். ஈரமும் சோப்பும் பட்ட தோல் வழுக்கும். நாவிதர்கள் இதற்குப் பழைய ஒரு தீர்வை வைத்திருக்கிறார்கள்: படிகாரம். சவரத்துக்குப் பின் சிறு கீறல்களின் இரத்தத்தை நிறுத்தத் தேய்க்கும் அதே கல்லை ஈரவிரலில் தேய்த்துக்கொண்டால் தோலின்மேல் பிடிப்பு கிடைக்கும். உலர்ந்த பருத்தித் துணியும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். கையை மேலே தூக்க முடியாதவர் மேசையில் முழங்கையை ஊன்றி, கையைத் தூக்குவதற்குப் பதிலாக முகத்தைக் கையிடம் தாழ்த்திக் கொண்டுவரலாம்.

இதில் எஞ்சும் சிக்கல், எதிர்ப்பக்கத்தை எட்டுவது. இரு கையும் இயங்குபவர்களில் சிலர் கத்தியைக் கை மாற்றி, வலக்கன்னத்தை வலக்கையாலும் இடக்கன்னத்தை இடக்கையாலும் மழிப்பார்கள். வலக்கை மட்டும் உள்ளவர் இடக்கன்னத்துக்குக் கத்தியை முகத்தின் குறுக்கே கொண்டுசெல்ல வேண்டும். அப்போது கையே கண்ணாடியை மறைக்கும். தலையை நன்கு வலப்புறம் திருப்பி, கையை மூக்குக்கு மேலாக அல்லாமல் முகவாய்க்குக் கீழாகக் கொண்டுசென்றால் பார்வை விடுபடும். கண்ணாடியை நேர் முன்னால் வைப்பதைவிடச் சற்று இடப்புறமாக வைப்பது உதவும்.

கத்தி பிடிக்கும் கை இயங்காதபோது

பழகிய கை போய்ப் பழகாத கையால் தொடங்க வேண்டியவருக்குப் பொறுமையே முதல் தேவை. சவரத் தொழில் பழகுபவர்கள் ஊதிய பலூனில் நுரை பூசி, அது வெடிக்காமல் மழித்துப் பார்க்கும் பயிற்சியைச் செய்வதுண்டு. கை மாற்றிப் பழகுபவருக்கும் அதுவே நல்ல தொடக்கம். பிளேடு செருகாத பிடியால் நுரையை மட்டும் வழித்தெடுத்து முகத்தின் வளைவுகளைக் கைக்குப் பழக்கலாம். பிறகு கன்னத்தின் தட்டையான மேற்பகுதியில் மட்டும் பிளேடுடன் தொடங்கி, மிச்சத்தைப் பாதுகாப்பு ரேசரால் முடிப்பது சரியான வரிசை. முகவாயும் மேலுதடும் கடைசியில் வர வேண்டியவை.

பாதுகாப்பு ரேசர் என்பதே இந்தச் சிக்கலின் ஒரு பாதிக்கான தீர்வுதான். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற ரேசர், பிளேடின் கோணத்தைத் தலைப்பகுதியிலேயே நிலைநிறுத்திவிடுகிறது. பிளேடுக்கு முன்னுள்ள தடுப்பு தோலை ஓரளவு தட்டையாக்கவும் செய்கிறது. சவரக்கத்தியில் இரு கைகளும் செய்யும் வேலைகளை இப்படிக் கருவியே ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இவ்வகை ரேசர்கள் ஏராளமாக வழங்கப்பட்ட பின், தானே மழித்துக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் வேகமாகப் பரவியது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் மின்சார ரேசரே உகந்தது.

பக்கவாதத்துக்குப் பின்

பக்கவாதம் தனியாகப் பேச வேண்டியது. அது கையை மட்டும் பாதிப்பதில்லை. மூளையின் வலப்பாதியில் பாதிப்பு ஏற்பட்டால் உடலின் இடப்பக்கம் செயலிழக்கும். அப்போது இடக்கை தோலை இழுக்காது. இடக்கன்னத்தின் தசை தொய்ந்துவிடுவதால் வாயைத் திறந்தோ உதட்டை மடித்தோ தோலை இறுக்கவும் முடியாது. அந்தப் பக்கத்தில் உணர்வும் குறைந்திருக்கலாம், வெட்டு விழுந்தது தெரியாது. சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்று இருப்பதையே மூளை கவனிக்கத் தவறும். முகத்தின் வலப்பாதியை மட்டும் மழித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். வலக்கையால் எட்டுவதற்கு மிகத் தொலைவான கன்னமும் இதுவே. மற்ற நிலைகளில் கைகொடுக்கும் எல்லா மாற்று வழிகளும் இந்த ஓரிடத்தில் ஒருசேர அடைபட்டுப்போகின்றன.

இதற்கு மேல் மருந்தின் பங்கும் உள்ளது. பக்கவாதம் வந்தவர்களுக்கு மீண்டும் வராமலிருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகள் தரப்படுவதுண்டு. இவற்றை உட்கொள்பவருக்குச் சிறு கீறலும் நீண்ட நேரம் கசியும். எனவே முகத்திலும் தொய்வு உள்ளவர்கள் திறந்த கத்தியைத் தாமாகப் பயன்படுத்தாமல் இருப்பதே சரி. வீட்டுக்கு வந்து மழித்துவிடும் நாவிதர்கள் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் இன்றும் இருக்கிறார்கள். நாவிதர் வந்தாலும் முகம் கழுவுவது, நுரை பூசுவது, கண்ணாடி பிடிப்பது ஆகியவற்றை நோயாளியே செய்ய விடுவது நல்லது. செயலிழந்த பக்கத்தை நினைவில் வைத்திருக்கவும் அது ஒரு பயிற்சி.

தீட்டுதலும் சிறு வேலைகளும்

மழிப்பைவிட அதைச் சுற்றியுள்ள சிறு வேலைகளில்தான் ஒற்றைக் கைக்காரர் அதிகம் தடுமாறுவார். தோல்வாரில் தீட்டும்போது ஒரு கை வாரை இழுத்துப் பிடிக்க, மற்றது கத்தியை முதுகு முன்செல்லுமாறு நகர்த்தி, ஒவ்வொரு முனையிலும் முதுகின் மேல் புரட்டும். தொங்கும் வார் தளர்ந்தால் கத்தியின் வாய் மழுங்கும். தோலை ஒரு மரப்பலகையில் ஒட்டி, பலகையை மேசையோடு இறுக்கிவிட்டால் மறு கை தேவையில்லை. சாணைக்கல்லுக்கும் அடியில் ஈரத்துணி விரித்தால் போதும்.

நுரைக்குக் கிண்ணத்தையும் தூரிகையையும்விடச் சவர சோப்புக் குச்சி எளிது. ஈரமுகத்தில் நேராகத் தேய்த்துக்கொள்ளலாம். மடிக்கும் கத்தியைத் திறப்பதைவிட மூடுவதில்தான் விரல் வெட்டுப்படும். ஜப்பானியரின் காமிசோரி மடியாத கத்தி. திறப்பதும் மூடுவதும் இல்லை. கிடைப்பது மடிக்கும் கத்தியே என்றால், அதைத் துண்டின் மேல் கிடத்தி, அலகை முதுகுப்பக்கம் தொட்டு மெதுவாக மூட வேண்டும். கை நழுவிக் கத்தி விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட வேண்டும். பிடிக்கப் போகக் கூடாது. இதற்காகவே சில நாவிதர்கள் பழகுபவர்களிடம் கால்களை அகற்றி நிற்கச் சொல்வார்கள்.

தொழிலாளரின் கை

சவரத் தொழிலாளரின் வருமானம் அவரது விரல்களில் இருக்கிறது. கோயில்களில் முன்பு மொட்டைக்குக் கட்டணச் சீட்டு இருந்தது. இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டிலுள்ள கோயில்களில் 2021 செப்டம்பரில் அக்கட்டணம் நீக்கப்பட்டு, முடி காணிக்கைப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. விழா நாட்களில் நீண்ட நேரம் குனிந்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கழுத்து, தோள், மணிக்கட்டு வலி இத்தொழிலில் பொதுவானது. இரண்டு மூன்று தலைகளுக்கு ஒருமுறை கையை உதறி நீட்டுவதும், காணிக்கை தருபவரைச் சற்று உயரமான பலகையில் அமர்த்துவதும் பெரிய செலவில்லாத முன்னெச்சரிக்கைகள். ஒரு கை பலவீனப்பட்டவர் தலை மழிப்புக்கும் இயந்திர முடிவெட்டுக்கும் மாறி, முக மழிப்பை உடன் இருப்பவரிடம் விடுவது நடைமுறையில் எளிதான ஏற்பாடு.

தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம், 1982-இன் கீழ் இயங்கும் அமைப்புசாரா நல வாரியங்களுள் முடிதிருத்துவோருக்கான வாரியமும் ஒன்று. அதில் பதிவு செய்தவர்கள் விபத்தால் ஏற்படும் ஊனத்துக்கு உதவித்தொகை கோரலாம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்கள் அரசின் பல சலுகைகளுக்குத் தகுதி பெறுகின்றனர். இந்தச் சான்றுக்காகக் கையைச் சோதிக்கும் மருத்துவர்கள் விரல்கள் மடங்குகின்றனவா என்று மட்டும் பார்ப்பதில்லை. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் திறன், பற்றும் திறன், வலிமை, தொடுவுணர்வு ஆகியவை தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. எனவே கத்தியை எந்த விரல்களால் பிடிக்கிறோம், எந்த விரலில் உணர்வு குறைந்துள்ளது, எந்த அசைவில் கத்தி நழுவுகிறது என்பதைத் தொழிலாளர் அங்கே விளக்கமாகச் சொல்ல வேண்டும். வெளிப்பார்வைக்கு முழுமையாகத் தோன்றும் கையில் உள்ள உணர்வுக் குறைபாடு, சொல்லாவிட்டால் எளிதில் விடுபட்டுப்போகும்.